செய்மதிகளும் நம் கடலும் குளமும்

அம்பாறை மாவட்டத்திலுள்ள இறக்காமம் கடலைக் காணாத ஊர். கல்முனை, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலிய கரையோர ஊர்களிலிருந்து உள்நாட்டுப் பக்கமாக, வயல்வெளிகளின் நடுவே, தன் பெயரைத் தாங்கிய குளத்தை அணைத்தவாறு அது அமைந்திருக்கிறது. ஆயினும் அவ்வூரின் வாழ்வு கடலோடு பிணைந்ததேயாகும். அங்குள்ள வயல்களை நனைக்கும் மாரிமழை வங்காள விரிகுடாவைக் கடந்து வருவது. விளைந்த பயிரை மூழ்கடிக்கும் வெள்ளத்துக்கு மூலமாகும் தாழமுக்கங்களும் புயல்களும் பிறப்பது அக்கடலிலேதான். ஆகவே, குளக்கரையில் வாழ்பவனும் கடலைப் பற்றி அறியவேண்டியவனே.

அவ்வூர் முதியோர் வானத்தைப் படித்தே வயலை விதைத்தனர். கச்சான் காற்று ஓய்ந்து வாடை திரும்பும் நாள் எது, மாலையிற் கிழக்கே திரளும் முகில் எந்நிறத்தது, எறும்பு முட்டையைக் காவிக்கொண்டு மேட்டுக்கு ஏறுகின்றதா, தும்பி தாழப் பறக்கின்றதா என்பனவெல்லாம் அவர்களுக்கு எழுத்துக்கள். அவ்வெழுத்துக்களை வாசித்தே போடியார் விதைநெல்லை ஊறவைப்பார்; வட்டவிதானையார் வாய்க்கால் துப்புரவுக்கு ஆள் அழைப்பார். மழை பொய்த்த ஆண்டுகளில் ஊரார் திறந்த வெளியிற் கூடி மழை வேண்டித் தொழுவர்.

இவ்வறிவு பொய்யன்று. தலைமுறைகளின் அனுபவத்தில் விளைந்தது. எனினும் அதற்கு ஓர் எல்லை உண்டு. குளக்கட்டின்மேல் நிற்கும் மனிதனின் கண் அடிவானத்தோடு நின்றுவிடுகின்றது. கரைக்கு அப்பால் 1,000 கிலோமீற்றர் தொலைவிற் சுழலத் தொடங்கும் புயலை அவனால் காண இயலாது. அவன் அதனைக் காணும்போது அது அவன் வாசலுக்கு வந்துவிட்டிருக்கும்.

1957ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் இந்நாட்டின் வறண்ட வலயத்தைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. குளக்கட்டுகள் பல உடைந்தன. அந்நாளில் வங்காள விரிகுடாவின் நடுவே என்ன நிகழ்கின்றது என்பதை அறியக் கப்பல்கள் அனுப்பும் செய்திகளும் கரையோர நிலையங்களின் அளவீடுகளுமே துணையாயிருந்தன. ஆனால் அதே ஆண்டில், அவ்வெள்ளத்துக்கு இரண்டு மாதங்களுக்கு முன்னர், ஒக்டோபர் 4ஆம் நாள், சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக் என்னும் முதலாவது செய்மதியை விண்ணில் ஏவியிருந்தது. அதற்குக் கண் இல்லை. வானொலிச் சமிக்ஞையை மட்டும் விட்டுவிட்டு அனுப்பிக்கொண்டிருந்தது. கண் கிடைத்தது 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதலாம் நாளன்று. அன்று ஐக்கிய அமெரிக்கா ஏவிய டைரோஸ்-1 என்னும் செய்மதி தொலைக்காட்சிக் கமரா மூலம் முகிற் கூட்டங்களைப் படமெடுத்து அனுப்பியது. அது பணியாற்றியது 78 நாட்களே. ஆயினும், குளக்கட்டில் நின்ற மனிதனின் கண் அன்று பல நூறு கிலோமீற்றர் உயரத்துக்கு ஏறிவிட்டது எனலாம்.

இன்று பூமியை நோக்கும் செய்மதிகளை அவை செல்லும் பாதையைக் கொண்டு இரு வகையாகப் பிரிக்கலாம். முதல் வகையை விளங்கிக்கொள்ளச் சூடு மிதிக்கும் களத்தை நினைவுகூர்தல் நன்று. உழவு இயந்திரம் வருமுன் களத்தின் நடுவே ஒரு கம்பை நட்டு, மாடுகளை ஒரே வரிசையாகப் பிணைத்துச் சுற்றிவரச் செய்வது வழக்கம். கம்பின் அருகே உள்ள மாடு மெல்ல நடக்கும். வெளியோரத்து மாடு விரைந்து நடக்கும். ஆயினும் வரிசை குலைவதில்லை. உள்மாடு எப்பக்கம் இருக்கின்றதோ அப்பக்கமே வெளிமாடும் இருக்கும். அதுபோலவே, நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்திற் சுற்றும் செய்மதி, பூமி தன்னைத்தான் ஒருமுறை சுற்றும் நேரத்திலேயே தன் சுற்றையும் முடிக்கின்றது. கீழிருந்து நோக்குவோருக்கு அது வானில் ஒரே இடத்தில் நிலைத்து நிற்பதாகத் தோன்றும். இந்தியாவின் இன்சாட் வரிசையைச் சேர்ந்த வானிலைச் செய்மதிகள் இவ்வகையின. அவை இந்து சமுத்திரத்தை இரவு பகலாக இமையாது நோக்கிக்கொண்டிருக்கின்றன.

இரண்டாவது வகைச் செய்மதிகள் தாழப் பறப்பவை. அவற்றுட் பல 700 அல்லது 800 கிலோமீற்றர் உயரத்தில், துருவங்களுக்கு அண்மையாகச் சென்று, ஏறத்தாழ 100 நிமிடங்களில் உலகை ஒருமுறை சுற்றிவிடுகின்றன. இவற்றின் செயல் ஏர் உழுவதை ஒத்தது. ஒரு சால் ஓட்டி முடிவதற்குள் பூமி கீழே சற்றுத் திரும்பிவிடுவதால், அடுத்த சால் வேறிடத்தில் விழும். இவ்வாறு சால் சாலாக உலகம் முழுவதும் உழப்படுகின்றது. தொலைவில் நிற்கும் செய்மதி ஓயாது பார்க்கும். ஆனால் நுணுக்கமாகப் பாராது. அண்மையிற் பறப்பது நுணுக்கமாகப் பார்க்கும். ஆனால் ஓரிடத்தை எப்போதும் பார்த்துக்கொண்டிராது. இவ்வேறுபாட்டை நேயர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பின்னர் சொல்லப்போகும் ஒரு துயரத்தை விளங்கிக்கொள்ள அது உதவும்.

முகிலைக் காண்பது வேறு. மழையை அளப்பது வேறு. செய்மதியில் உள்ள அகச்சிவப்புக் கருவி முகிலின் உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கின்றது என்பதை உணரும். உச்சி குளிர்ந்திருந்தால் முகில் உயர்ந்து வளர்ந்திருக்கின்றது என்பதும், அதனடியிற் கனமழை இருக்கலாம் என்பதும் ஊகம். ஆனால் உயரத்தே மெல்லிய துகில்போல் பரவும் முகிலும் குளிர்ந்ததே; அது ஒரு துளியும் பெய்வதில்லை. ஆதலின் முகிலை ஊடுருவி உள்ளிருக்கும் நீர்த்துளிகளையும் பனித்துகள்களையும் உணரும் நுண்ணலைக் கருவிகள் வேண்டியிருந்தன.

ஐக்கிய அமெரிக்காவும் யப்பானும் இணைந்து 1997ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஏவிய வெப்பவலய மழை அளவீட்டுச் செய்மதி, மழையை அளக்கும் ராடர் கருவியை முதன்முதலாக விண்ணுக்குக் கொண்டு சென்றது. மூன்று ஆண்டுகளுக்கெனத் திட்டமிடப்பட்ட அது 2015ஆம் ஆண்டுவரை, 17 ஆண்டுகள், உழைத்தது. அதன் வழித்தோன்றலாக 2014ஆம் ஆண்டு பெப்ரவரியில் மற்றொரு செய்மதி ஏவப்பட்டது. இந்தியாவும் பிரான்சும் கூட்டாக 2011ஆம் ஆண்டில் ஏவிய மேகா-டிரொபிக் என்னும் செய்மதியும் வெப்பவலய மழையை ஆராயவே அனுப்பப்பட்டது. பல நாடுகளின் செய்மதிகள் தரும் அளவுகளை ஒன்றுசேர்த்து, அரைமணிக்கு ஒன்றாக உலகின் மழைப்படம் இன்று வரையப்படுகின்றது.

இப்படத்தின் சிறப்பையும் குறையையும் ஒருங்கே அறிதல் வேண்டும். கரையில் மழைமானி வைக்கலாம். கடலில் வைப்பது எங்ஙனம்? கடல்மேற் பெய்யும் மழையை இவ்வளவு பரந்த அளவில் அளக்கச் செய்மதியே வழி. அது சிறப்பு. ஆனால் அப்படத்தின் ஒவ்வொரு கட்டமும் நீளத்திலும் அகலத்திலும் ஏறத்தாழ 11 கிலோமீற்றர். ஓர் ஊரும் அதன் குளமும் அதனைச் சூழ்ந்த வட்டைகளும் ஒரே கட்டத்துள் அடங்கிவிடலாம். அவை அனைத்துக்கும் ஒரே எண்ணே கிடைக்கும். ஒரு வட்டையிற் கொட்டிய மழை அடுத்த வட்டையில் தூறலாய் நிற்பதை வேளாண்மை செய்வோர் யாவரும் அறிவர். அந்த வேறுபாடு அவ்வெண்ணில் இல்லை. ஆகையால், செய்மதி சொல்லும் மழை, தரையில் உள்ள மழைமானிகள் சொல்லும் மழையோடு ஒப்புநோக்கித் திருத்தப்படுகின்றது. நம் நாட்டில் காலை 8.30 மணிக்கு மழைமானியைப் பார்த்து எண்ணைக் குறித்துவைப்பவர், தாம் அறியாமலே விண்வெளி ஆராய்ச்சிக்கும் துணைபுரிபவர் ஆவார்.

இனிக் கடலுக்கு வருவோம். கடல்மட்டத்தை வானிலிருந்து அளக்கும் கலை 1992ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் ஏவப்பட்ட டோபெக்ஸ்-பொசைடன் என்னும் அமெரிக்க-பிரெஞ்சுச் செய்மதியோடு புதிய நிலையை எய்தியது. அதனைத் தொடர்ந்து 2001ஆம் ஆண்டு டிசெம்பரில் ஜேசன்-1 ஏவப்பட்டது. இவை 1,336 கிலோமீற்றர் உயரத்தினின்று ஒரு ராடர் துடிப்பைக் கடலை நோக்கி அனுப்பும். அது கடற்பரப்பிற் பட்டு மீள்வதற்கு ஒரு வினாடியின் நூறில் ஒரு பங்கும் ஆகாது. அந்நேரத்தை மிக நுட்பமாக அளந்தால் செய்மதிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள தூரம் தெரியும். அதிலிருந்து கடல் எவ்வளவு உயர்ந்திருக்கின்றது அல்லது தாழ்ந்திருக்கின்றது என்பது சில சென்டிமீற்றர் துல்லியத்துக்குத் தெரியும்.

2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் காலை, இலங்கை நேரப்படி 7 மணிக்குச் சற்று முன்னதாக, சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி நிலம் அதிர்ந்து உயர்ந்தது. ஆழ்கடலில் மணிக்கு 700 கிலோமீற்றருக்கும் மேலான வேகத்திற் புறப்பட்ட ஆழிப்பேரலை இரண்டு மணி நேரத்துக்குள் நம் கிழக்குக் கரையை அடைந்தது. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என நெருக்கமாக மக்கள் வாழ்ந்த கரையெங்கும் அது ஏறியது. இந்நாட்டில் 30,000இற்கு மேற்பட்ட உயிர்கள் பலியாயின. மாவட்டங்களுள் மிகுந்த இழப்பைக் கண்டது அம்பாறை. அங்கு மட்டும் 10,000இற்கு மேற்பட்டோர் மாண்டனர். கரையோரத்திலிருந்து ஓடியவர்களுக்கு உள்நாட்டு ஊர்கள் புகலிடமாயின.

அன்று காலை, நிலநடுக்கம் ஏற்பட்டு ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில், டோபெக்ஸ்-பொசைடனும் ஜேசன்-1 செய்மதியும் தத்தம் வழக்கமான பாதையில் இந்து சமுத்திரத்தைக் கடந்தன. அவை அலையைத் தேடிச் செல்லவில்லை. ஏறக்குறைய பத்து நாட்களுக்கு ஒருமுறை அவ்வழியே செல்வது அவற்றின் இயல்பு. அன்று அவ்வேளையில் அங்குச் சென்றது தற்செயல். ஆழ்கடலின் மேல் ஓடிக்கொண்டிருந்த ஆழிப்பேரலையை அவை அளந்தன. அதன் உயரம் ஏறத்தாழ 60 சென்டிமீற்றர். ஒரு முழத்துக்குச் சற்று அதிகம் என்க. அந்த ஒரு முழ எழுச்சி பல நூறு கிலோமீற்றர் நீளத்துக்குப் பரந்திருந்தமையால், ஆழ்கடலில் ஓடத்தில் இருப்பவனும் அதனை உணரான். ஆழங்குறைந்த கரையை நெருங்குகையில் அதன் வேகம் தடைபட, பின்வரும் நீர் முன்னீரின்மேல் அடுக்கப்பட்டுச் சுவராய் எழுந்தது.

அவ்வாறாயின், விண்ணிலிருந்த கருவி கண்டதைக் கரையிலிருந்தோர்க்குச் சொல்லியிருக்கலாகாதா என்று நேயர்கள் வினவலாம். வினவ வேண்டிய வினாவே அது. செய்மதி கண்டதைத் தன் நினைவகத்திற் பதிந்துகொண்டது. அப்பதிவு தரைநிலையத்துக்கு இறங்கி, கணிக்கப்பட்டு, அதில் ஆழிப்பேரலையின் தடயம் உண்டென அறிஞர் கண்டறியப் பல மணி நேரம் சென்றது. அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. செய்மதி கடந்த வேளையிலேயே அலை நம் கிழக்குக் கரையை எட்டியிருந்தது. மேலும், இந்து சமுத்திர நாடுகளுக்கென ஓர் எச்சரிக்கை ஒழுங்கும் அக்காலத்தில் இருக்கவில்லை. விஞ்ஞானத்துக்கு அந்த அளவீடு பெரும் பேறு. அலையின் இயல்பைக் கணிக்கும் முறைகளைச் சரிபார்க்க அது இன்றும் பயன்படுகின்றது. கல்முனைக் கரையில் நின்ற மனிதனுக்கு அது ஒன்றும் செய்யவில்லை. காண்பது ஒன்று, கண்டதை உரிய நேரத்திற் சொல்வது மற்றொன்று என்பதை அந்நாள் கற்பித்தது.

கற்ற பாடம் வீண்போகவில்லை. கடலடியில் நீரழுத்தத்தை அளக்கும் கருவிகள் நிறுவப்பட்டன. அவை உணர்வதை மிதவைகள் பெற்றுச் செய்மதி வழியாக உடனுக்குடன் கரைக்கு அனுப்புகின்றன. இங்கே செய்மதி காண்பவன் அல்லன், தூது செல்பவன். இந்தியாவின் ஐதராபாத் நகரில் 2007ஆம் ஆண்டில் ஆழிப்பேரலை எச்சரிக்கை நிலையம் இயங்கத் தொடங்கியது. இலங்கையில் 2005ஆம் ஆண்டின் சட்டத்தின்கீழ் அனர்த்த முகாமைத்துவ நிலையம் உருவாயிற்று. 2012ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் நாள் சுமாத்திராவுக்கு அப்பால் மீண்டும் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டபோது எச்சரிக்கை விரைந்து வந்தது. நம் கரையோர மக்கள் உள்நாட்டுக்கு விலகினர். நிலம் அன்று மேல்கீழாகவன்றிப் பக்கவாட்டில் அசைந்தமையால் பேரலை எழவில்லை. எழுந்திருந்தாலும் கரை வெறுமையாக இருந்திருக்கும்.

ஆண்டுக்கணக்கில் மெல்ல நிகழும் மாற்றங்களிலேதான் செய்மதியின் பொறுமை முழுமையாகப் பயன்படுகின்றது. 1993ஆம் ஆண்டு தொடக்கம் இடையறாது செய்யப்பட்ட அளவீடுகளின்படி உலகின் சராசரிக் கடல்மட்டம் 10 சென்டிமீற்றருக்குச் சற்று அதிகமாக உயர்ந்துள்ளது. தொடக்கத்தில் ஆண்டுக்கு 2 மில்லிமீற்றர் அளவில் இருந்த உயர்வு, 30 ஆண்டுகளில் 4 மில்லிமீற்றருக்கு மேலாகிவிட்டது. கடல் வெப்பமடைந்து விரிவதும், நிலத்தின் மீதுள்ள பனி உருகிக் கடலிற் சேர்வதுமே அதற்குக் காரணம். 2020ஆம் ஆண்டு நவம்பரில் ஏவப்பட்ட சென்டினல்-6 இவ்வளவீட்டைத் தொடர்கின்றது. ஒரு விரற்கடையளவு உயர்வைக் கண்ணால் உணர இயலாது. ஆனால் பல்லாண்டு உயர்வு ஒன்றுசேரும்போது, ஆற்றுமுகங்களில் உப்புநீர் மேலேறும். வெள்ளநீர் கடலில் வடிவதற்குத் தாமதமாகும். தாழ்ந்த வயல்களை உடைய அம்பாறைக் கரைக்கு இது தொலைவிலுள்ள செய்தியன்று.

கடற்பரப்பின் வெப்பநிலையையும் செய்மதிகள் நாள்தோறும் அளக்கின்றன. பசிபிக் சமுத்திரத்தின் நடுப்பகுதியும் கிழக்குப் பகுதியும் வழக்கத்தைவிட வெப்பமடையும் நிலையை எல் நினோ என்பர். அவ்வாண்டுகளில் இலங்கையில் ஒக்டோபர், நவம்பர் மாதங்களின் மழை பெரும்பாலும் மிகும். அதற்கு மாறாகக் கடல் குளிரும் லா நினா ஆண்டுகளில் அந்த மழை குறைவதே பெரும்பான்மை. உறுதி சொல்ல இயலாது, சாய்வைச் சொல்லலாம். புரட்டாதியில் விதைப்பதா, ஐப்பசிவரை பொறுப்பதா, நீண்டகால நெல்லா, குறுகியகால நெல்லா எனத் தடுமாறும் வேளாண்மையாளனுக்கு அந்தச் சாய்வும் ஒரு துணையே.

குளங்களும் இப்போது செய்மதியின் பார்வைக்குள் வந்துவிட்டன. அமெரிக்காவும் பிரான்சும் 2022ஆம் ஆண்டு டிசெம்பர் 16ஆம் நாள் ஏவிய சுவொட் என்னும் செய்மதி, கடலையும் உள்நாட்டு நீர்நிலைகளையும் அகன்ற பட்டைகளாக அளந்து செல்கின்றது. 15 ஏக்கருக்கு மேற்பட்ட நீர்ப்பரப்புகளின் உயர்வு தாழ்வை அறிவது அதன் நோக்கங்களுள் ஒன்று. பட்டிப்பளை ஆற்றை மறித்துக் கட்டிய சேனநாயக்க சமுத்திரம் போன்ற பெருநீர்த்தேக்கங்களும், இறக்காமத்துக் குளம் போன்ற ஊர்க் குளங்களும் அவ்வளவினவே. ஆயினும் அது தன் பாதைகளை மீளச் சுற்றிவர 21 நாட்கள் ஆகும். வான் பாய்வதற்கு ஒரு முழமே இருக்கும் இரவில், குளக்கட்டில் விளக்கோடு நிற்கும் காவலனுக்கு அது மாற்றாகாது.

2011ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பெரும்போகப் பயிர் முற்றும் தறுவாயில், கிழக்கு மாகாணம் வெள்ளத்தில் மூழ்கியது. 2024ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் மீண்டும் வங்காள விரிகுடாவில் ஒரு தாழமுக்கம் உருவாயிற்று; பின்னர் அதுவே பெங்கல் புயலானது. அது உருவாவதையும் நகர்வதையும் செய்மதிகள் நாட்கணக்காகக் காட்டின. வளிமண்டலவியல் திணைக்களமும் எச்சரித்தது. ஆயினும் நவம்பர் 26ஆம் நாள், காரைதீவுக்கும் மாவடிப்பள்ளிக்கும் இடைப்பட்ட பாதையைக் குறுக்கறுத்து ஓடிய வெள்ளத்தில், வீடு திரும்பிக்கொண்டிருந்த மதரசா மாணவர்களை ஏற்றிய உழவு இயந்திரம் கவிழ்ந்து இளம் உயிர்கள் பறிபோயின. ஆயிரம் கிலோமீற்றர் அகன்ற முகிற்சுழியைக் காணும் கண்ணுக்கு, ஒரு பாதையின் மேல் அவ்வேளை ஓடும் இடுப்பளவு நீர் புலப்படுவதில்லை. அதனை அறிவோர் அப்பாதையருகே வாழ்வோரே. அவ்விடத்தில் நின்று தடுக்கும் ஒரு கையும், ஒரு குரலும் எந்தச் செய்மதிக்கும் குறைந்தவை அல்ல.

ஆகவே, விண்ணிலிருந்து வரும் அறிவை ஒரு நீண்ட வாய்க்காலுக்கு ஒப்பிடலாம். தலைமதகில் நீர் நிறைந்திருந்தாற் போதாது. செய்மதியிலிருந்து தரைநிலையத்துக்கும், அங்கிருந்து வளிமண்டலவியல் திணைக்களத்துக்கும், பின்னர் வானொலிக்கும், பிரதேச செயலகத்துக்கும், கமக்காரர் அமைப்புக்கும், பள்ளிவாசலின் ஒலிபெருக்கிக்கும், கடைசியாக வீட்டு முற்றத்துக்கும் அது தடையின்றி ஓடிவர வேண்டும். இடையில் ஓரிடம் தூர்ந்துபோனாலும் கடைமடைக்கு நீர் எட்டாது. வாய்க்கால் துப்புரவு எவ்வாறு ஒருவரால் ஆகும் காரியமன்றோ, அவ்வாறே இதுவும் ஊர் கூடிச் செய்யும் காரியம்.

எறும்பையும் தும்பியையும் கண்டு மழை சொன்ன முதியோரின் வழக்கத்தைச் செய்மதி வந்ததென்று கைவிடவேண்டியதில்லை. கூர்ந்து நோக்குவதும், நோக்கியதை அயலானுக்கு உடனே சொல்வதுமே அவ்வழக்கத்தின் உயிர். இன்று அதனோடு ஒரு மழைமானியும், ஒரு குறிப்புப் புத்தகமும், மாலை வானிலை அறிக்கைக்குக் கொடுக்கும் ஒரு செவியும் சேர்ந்தாற் போதும். இறக்காமத்துச் சிறுவன் ஒருவன் காலை 8.30 மணிக்குப் பாடசாலை முற்றத்து மழைமானியில் 42 மில்லிமீற்றர் என வாசித்து எழுதுவானாயின், அவன் எழுதிய எண்ணும், அவன் தலைக்கு மேலே 36,000 கிலோமீற்றர் உயரத்தில் நிற்கும் கருவி அனுப்பிய எண்ணும் ஒரே மழையைப் பற்றிய இரு சாட்சிகள். இரண்டும் சேரும்போதே வழக்குத் தெளிவாகின்றது.